மதகைத் திறந்தது யார்? ஆல்ப்ஸ் களப்படிப்பில் ஒரு சேலத்து மாணவி: நிகழ்வு ஆய்வு

சேலத்தில் பி.எஸ்சி. புவியியல் முடித்த ஒரு மாணவி, 2024 செப்டம்பரில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக பிரிட்டன் போனாள். அந்தப் படிப்பில் கோடைக்காலக் களப்படிப்பு கட்டாயம். 2025 ஜூனில் வகுப்பு மொத்தமும் சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் இருக்கும் ஆரோலா என்ற மலைக்கிராமத்துக்குப் போய்த் தங்கி, பனியாறு உருகி வரும் தண்ணீரை அளந்தது. அங்கே ஒரு பிற்பகலில் ஆறு திடீரென்று பொங்கியது. கூட இருந்தவர்களில் சிலர் மேலே மழை பெய்திருக்கும் என்றார்கள், சிலர் அளவைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்றார்கள். மேட்டூர் அணைச் செய்தி கேட்டே வளர்ந்த இவள், "யாரோ மதகைத் திறந்திருக்காங்க" என்றாள். அதுதான் நடந்திருந்தது.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, அதை ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் அறிக்கையாக மாற்ற அவள் என்னென்ன பாடுபட்டாள், வீட்டுக்கு அது என்ன விலை வைத்தது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். அவளுடைய களக்குறிப்பேட்டின் நகல், இறுதி அறிக்கை, ஆரோலாவிலிருந்து அனுப்பிய குரல் செய்திகள், வீட்டாரோடு பேசியது ஆகியவை என் ஆதாரங்கள். இளங்கலையில் அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அதனால் எனக்குச் சாய்வு உண்டு, படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம். ஆட்களின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

வீடு

அப்பாவுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. அம்மா வீட்டிலிருந்தபடியே கொலுசுக்கு முத்து கோத்துக் கொடுப்பவர். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். புவியியலை அவள் விரும்பி எடுக்கவில்லை. கணிதத்துக்கு மதிப்பெண் போதாமல், கலந்தாய்வில் மிச்சம் இருந்ததை எடுத்தாள். இரண்டாம் ஆண்டில் டோப்போ ஷீட், அதாவது மேடுபள்ளம் காட்டும் நிலவரைபடத் தாள், கையில் வந்த பிறகு நிலைமை மாறியது. சேலமும் ஏற்காடும் அடங்கிய 58 I வரிசைத் தாள்களில் சமஉயரக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்து, பேருந்து எந்தக் கொண்டை ஊசி வளைவில் முனகும் என்று சொல்லத் தொடங்கினாள்.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் அப்பாயி கேட்டது நியாயமான கேள்வி: "பூகோளம் படிச்சா வாத்தியார் வேலைதான? அதுக்கு ஏங் கண்ணு அத்தன தொலைவு போகணும்?" வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடன் வாங்கினார்கள். ஊரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிக்காரர்களிடமும் போய்ப் பார்த்தார்கள். விளம்பரத் தட்டியில் பனிமலை இருக்கும். களப்படிப்புக்கு எத்தனை மதிப்பெண், எந்த நாட்டில், யார் செலவு என்று கேட்டால் பதில் இருக்காது. அவள் பாடத்திட்டத்தை இணையத்தில் தானே தேடிப் படித்துத்தான் படிப்பைத் தேர்ந்தாள். பயணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றும் கல்விக் கட்டணத்திலேயே அடக்கம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. விசாவும் பூட்ஸும் அவரவர் பொறுப்பு என்பதும் இருந்தது, சின்ன எழுத்தில்.

காகித வேலை

"காலேஜே கூட்டிட்டுப் போற டூருக்கு அவ எதுக்குங்க சார் தனியா விசா வாங்கணும்? அதான் லண்டனுக்கு ஒண்ணு வாங்கியாச்சே?" என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார். வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலருக்கும் இந்த இடம் தெரியாது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்புக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். பிரிட்டன் அதற்குள் இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் 2008 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள மாணவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். 90 நாள் வரை விசா கேட்க மாட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் படிப்பவர், சில நாள் களப்படிப்புக்கும் தனியாக ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும்.

விதிகள் சிக்கலானவை அல்ல. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாகவும், திரும்பிய பிறகு இன்னும் 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். சிக்கல் எல்லாம் விசா மையத்தில் நேரம் கிடைப்பதில்தான். கோடை நெருங்க நெருங்க அந்த நாட்காட்டியில் காலி இடம் இருக்காது. கொடுத்த பாஸ்போர்ட் திரும்பிவரும்வரை வேறெங்கும் நகரவும் முடியாது. போதாக்குறைக்கு, பிரிட்டன் தன் குடியேற்ற அட்டைகளை 2024 கடைசியோடு நிறுத்திவிட்டு மின்விசாவுக்கு மாறிய நேரம் அது. கையில் அட்டை இல்லாமல், திரையில் தெரிவதை அச்செடுத்துக் காட்டி, தான் அங்கே வசிப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவள் தப்பித்தது அக்டோபரிலேயே கேட்டதால். முதல் வாரத்து அறிமுக வகுப்பில் கையைத் தூக்கி, களப்படிப்பு எந்தத் தேதியில், அழைப்புக் கடிதம் எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். யாருக்கும் அது அவசரமாகப் படவில்லை. அவள் விடவில்லை, கடிதத்தைக் கையில் வாங்கும்வரை மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். துறையிலிருந்து எல்லோருக்குமான அறிவிப்பு வந்தபோது வசந்தம் பாதி போயிருந்தது. அதை நம்பிக் காத்திருந்த இன்னொரு வெளிநாட்டு மாணவருக்கு நேரத்துக்கு விசா வரவில்லை. வளாகத்துக்குப் பக்கத்து ஆற்றில் அதே அளவீட்டைச் செய்து அறிக்கை தரச் சொன்னார்கள். மதிப்பெண்ணில் குறை வைக்கவில்லை என்று கேள்வி. ஆனாலும் கட்டணத்தை எல்லோரிடமும், அதிலும் வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, விசா விஷயத்தை மட்டும் உன் பாடு என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்காட்டில் ஒத்திகை

இதற்கெல்லாம் முன், அவள் கிளம்புவதற்கு முந்தைய ஆகஸ்டில், இன்னும் சில மாணவர்களோடு ஏற்காட்டுக்குப் போனோம். பாடத்திட்டத்தில் பனியாற்று நீரியல் என்று பார்த்ததும், உப்பைக் கரைத்து ஓடையின் வரத்தை, அதாவது வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை, அளக்கும் முறையை இங்கேயே ஒருமுறை கையால் செய்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். தென்மேற்குப் பருவமழையில் சேர்வராயன் மலையின் சிற்றோடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டி, சில்வர் ஓக் நிழலில் ஓடும் ஓர் ஓடையைத் தேர்ந்தோம். எட்டித் தாண்டும் அகலம்தான்.

முதலில் மிதவை முறை. உலகம் முழுக்க நீரியல்காரர்கள் இதற்கு ஆரஞ்சுப் பழத்தைப் பயன்படுத்துவார்கள். அது தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது, நிறம் தூரத்திலிருந்தும் தெரியும். ஏற்காட்டில் ஆரஞ்சுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். சீசன் இல்லை, ரவுண்டானா கடையில் வாங்கியது வெளியூர்ப் பழம். பத்து மீட்டரை அது 25 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். அகலம் 0.6 மீட்டர், சராசரி ஆழம் 0.12 மீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 24 லிட்டர். கேட்கச் சுலபம். ஆனால் கல்லும் வேரும் கிடக்கும் ஓடையில் "சராசரி ஆழம்" என்று எதைச் சொல்வது? ஆளுக்கொரு எண் சொன்னார்கள்.

உப்பு முறைக்கு ஆழமும் வேண்டாம், அகலமும் வேண்டாம். எடை தெரிந்த உப்பை வாளியில் கரைத்து மேலே ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். ஓடை அதை நன்றாகக் கலக்கும் அளவு தூரம் விட்டு, கீழே ஒருவர் தண்ணீரின் மின்கடத்துத் திறனைத் தொடர்ந்து படிக்க வேண்டும். உப்பு அலை வரும்போது எண் ஏறும், போனதும் பழைய இடத்துக்கு இறங்கும். அந்த எண்களை நேரத்தோடு வரைபடமாகப் போட்டு, ஏறி இறங்கிய மேட்டின் பரப்பைக் கணக்கிட்டால் வரத்து கிடைத்துவிடும். மேடு சின்னதாக இருந்தால் தண்ணீர் அதிகம், பெரிதாக இருந்தால் குறைவு. 200 கிராம் உப்புக்கு அந்தப் பரப்பு லிட்டருக்கு 10,000 மில்லிகிராம்-வினாடி வந்தால், இரண்டு லட்சம் மில்லிகிராமை அதனால் வகுக்க, வினாடிக்கு 20 லிட்டர்.

கருவி எங்கள் துறையில் இல்லை. ஆர்.ஓ. வாட்டர் பில்டர் மாட்டுகிறவர் கையில் வைத்திருப்பாரே, பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர், அதைத்தான் எடுத்துப் போனோம். அது அளப்பதும் மின்கடத்துத் திறனைத்தான். உள்ளே ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. எண் நொடிக்கு நொடி ஓடும்போது எழுதமுடியாது என்பதால், மீட்டரையும் ஸ்டாப்வாட்சையும் ஒரே சட்டகத்தில் வைத்துக் கைபேசியில் படமெடுத்து, பிறகு ஐந்து வினாடிக்கு ஒரு எண்ணாக இறக்கி எழுதினாள். பத்து லிட்டர் ஓடைத் தண்ணீரில் ஒரு கிராம் உப்பைப் போட்டு மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று தரப்படுத்தவும் செய்தாள். அந்தப் படி பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான். வாளிக்கு முன் குந்தி உட்கார்ந்து செய்யும்போதுதான், எந்தத் தண்ணீரில் தரப்படுத்துகிறோம் என்பதே கேள்வி என்று புரிகிறது.

உப்பை ஊற்றப்போகும்போது மேலிருந்து மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். "ஏங் கண்ணு, தண்ணியில உப்பக் கொட்டுறீங்களே, கீழ மாடு குடிக்குமே?" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டு, சில நிமிடத்துக்கு லிட்டருக்கு நூறு மில்லிகிராம் வாக்கில் கூடும், பிறகு போய்விடும், சேலத்துப் போர் தண்ணீரில் இதைவிட எத்தனையோ பங்கு உப்பு இருக்கிறது என்று அவருக்குச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, மாட்டை ஓடைக்கு மேல்புறமாகவே தண்ணீர் காட்டி ஓட்டிப் போனார். இந்தக் கேள்வி பின்னால் அவளுக்கு உதவியது. களப்படிப்புக்கு முன் எல்லோரும் நிரப்ப வேண்டிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில், சுற்றுச்சூழலுக்கு உங்கள் அளவீட்டால் என்ன பாதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பலர் "இல்லை" என்று எழுதிய இடத்தில் அவள் கீழ்ப்புறம் மேயும் மாடுகளையும் மீனையும் குறிப்பிட்டு, உப்பின் அளவுக்கு மேல்வரம்பு போட்டுக் கொடுத்தாள்.

ஆரோலாவில்

ஆரோலா ஏரன்ஸ் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முதலில் தோன்றும். அட்சரேகையைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சீயோன் நகரில் ரயிலை விட்டு இறங்கி, மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் ஏறினார்கள். "சார், இங்கயும் வளைவுதான், ஆனா டிரைவர் ஹாரன் அடிக்கிற ராகம் நல்லாருக்கு" என்று முதல் குரல் செய்தி வந்தது. கிராமத்துக்கு எதிரே மோன் கொலோன் சிகரம், 3,637 மீட்டர், சுவர் மாதிரி நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பனியாறு உண்டாக்கும் நிலவடிவங்கள் என்று சர்க், அரெட், யு வடிவப் பள்ளத்தாக்கு, மொரைன் என மனப்பாடம் செய்து எழுதியதெல்லாம் ஒரே பார்வையில் கிடந்தன. பனியாறு தள்ளிவந்து குவித்த மொரைன் மேட்டின் மேல் நடந்தபோது, அது தன் கற்பனையில் இருந்ததைப்போல நேர்த்தியான கரையாக இல்லை, கட்டிட வேலை முடிந்த இடத்தில் கொட்டிய ஜல்லிக் குவியல்போல இருந்தது என்றாள்.

சாப்பாடு பற்றி அம்மா மட்டும்தான் விசாரித்தார். பருப்புப்பொடி காப்பாற்றியது. அதோடு விடுவோம்.

அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆரோலாவைச் சுற்றியுள்ள பனியாறுகளிலிருந்து வரும் நீரின் பெரும்பகுதியை, உற்பத்தியாகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே பிடித்து, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக கிராந்த் திக்சான்ஸ் அணைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆரோலாவிலேயே ஒரு நீரேற்று நிலையம் இருக்கிறது. சுமார் 35 பனியாறுகளின் நீர், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளச் சுரங்க வலையில் வந்து சேர்கிறது. 1961-இல் முடிந்த அந்த அணையின் உயரம் 285 மீட்டர். நம் மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது, உயரம் 214 அடி, அதாவது 65 மீட்டர். கொள்ளளவைப் பார்த்தால் கதை தலைகீழ்: அங்கே 40 கோடி கன மீட்டர், நம் கணக்கில் 14 டி.எம்.சி.; மேட்டூர் 93.47 டி.எம்.சி. குறுகிய பள்ளத்தாக்கில் நெட்டையாக ஒரு சுவர், அகன்ற சமவெளி வாயில் குட்டையாக நீண்ட ஒரு சுவர். முதல் நாள் இரவு விரிவுரையில் அணையின் படம் வந்ததும் அவள் குறிப்பேட்டின் ஓரத்தில் போட்ட கணக்கு இது.

குழுவின் திட்டம் இப்படி. நீரைப் பிடிக்கும் இடத்துக்கு மேலே, பனியாற்று முனையின் பக்கமாக ஓர் அளவிடம். அங்கே உப்பு முறையில் பகல் முழுக்க வரத்தை அளப்பது. கீழே, கிராமத்தின் அருகே போர்ஞ் ஆற்றுப் பாலத்தில் இன்னோர் அளவிடம். அங்கே நட்டிருந்த அளவுகோலில் நீர்மட்டத்தைப் படிப்பது, புட்டியில் தண்ணீர் பிடித்து வண்டலை எடை பார்ப்பது. ஆற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. கோடையில் பனியாற்று ஓடைக்கு ஒரு தினசரி மூச்சு உண்டு. விடிகாலையில் தண்ணீர் குறைந்திருக்கும், வெயில் ஏற ஏற உருகி, பிற்பகல் கடைசியில் உச்சத்தைத் தொடும், இரவில் இறங்கும். மேலே பார்க்கும் அந்த அலை, கொஞ்சம் தாமதமாகக் கீழேயும் தெரியும் என்பது குழுவின் எதிர்பார்ப்பு.

மேலே எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது. பிற்பகலில் வரத்து வினாடிக்கு ஒன்றரைக் கன மீட்டர் வாக்கில், நம் பேச்சில் ஐம்பது கன அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவு தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு வேண்டும். பனி உருகிய தண்ணீரில் உப்பு சட்டென்று கரையாது, வாளியில் கை விறைக்கக் கிளற வேண்டும். தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் மின்கடத்துத் திறன் சுமார் 2 சதவீதம் மாறும். அதனால் அறையில் குழாய்த் தண்ணீரில் தரப்படுத்திக்கொண்டு வந்தவர்களின் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: எந்தத் தண்ணீரில் தரப்படுத்தினீர்கள்? நாகலூர் ஓடைக்கரையில் வாளிக்கு முன் உட்கார்ந்தவளுக்கு அது புதிய கேள்வியாக இல்லை. அன்றிலிருந்து குழுவின் தரப்படுத்தும் வேலை அவள் கைக்கு வந்தது.

கீழேதான் வினோதம். அகன்ற சரளைப் படுகையில் தண்ணீர் பேருக்கு ஓடியது. அது புரிந்தது, மேலே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பிற்பகலில், வானம் தெளிவாக இருக்கும்போதே, மட்டம் சடாரென்று ஏறியது. தண்ணீர் சிமெண்ட் கரைசல் நிறத்துக்கு மாறியது, அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் பாலத்தின் மேல் நின்றவர்களுக்குக் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கி மறுபடி பேருக்கு ஓடும் ஆறு. பிறகு இன்னொரு முறை.

மழை, கருவி, பனியாற்றுக்குள் தேங்கிய நீர் உடைந்தது என்று காரணங்கள் அடுக்கினார்கள். அவள் வரைபடத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது, இந்தக் கோடு இயற்கையானதாக இல்லை என்று. உருகும் தண்ணீர் படிப்படியாக ஏறி படிப்படியாக இறங்கும். இது சுவர்போல ஏறுகிறது. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் கீழே காவிரியில் மட்டம் இப்படித்தான் ஏறும்; அதனால்தான் கரையோர ஊர்களில் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். பாலத்தின் பக்கத்தில் இருந்த எச்சரிக்கைப் பலகையில், ஓடும் மனிதனுக்குப் பின்னால் அலை வரும் படம் எதற்கு இருக்கிறது என்றும் கேட்டாளாம். குழு அதுவரை அதை வெறும் சுற்றுலாப் பலகை என்று நினைத்திருந்தது.

ஆசிரியருக்கு விடை முன்பே தெரியும். வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தார். பனியாற்று ஓடை தண்ணீரோடு மணலையும் சரளையையும் அள்ளிக்கொண்டு வரும். அது சுரங்கத்துக்குள் போகாதபடி, நீரைப் பிடிக்கும் இடத்தில் ஒரு வண்டல் தொட்டி இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மதகைத் திறந்து, சேர்ந்த மணலைத் தண்ணீரோடு பழைய ஆற்றுக்குள் தள்ளிவிடுகிறார்கள். நம் அணைக்கட்டுகளில் மணற்போக்கி செய்கிற வேலைதான். பாலத்தில் பார்த்த பொங்கல் அது.

இதை மட்டும் சொல்லியிருந்தால் வகுப்பறைக் கைதட்டலோடு போயிருக்கும். அன்றிரவு அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். வெயில் ஏறினால் உருகல் கூடும், உருகல் கூடினால் மணல் கூடும், மணல் கூடினால் தொட்டி சீக்கிரம் நிரம்பும். அப்படியானால் பனியாற்றின் தினசரி மூச்சு கீழே அடியோடு அழிந்துபோகவில்லை. நீர்மட்டத்தின் உயரத்திலிருந்து, மதகு எத்தனை முறை திறக்கிறது என்பதற்கு இடம் மாறியிருக்கிறது. மறுநாளிலிருந்து குழு உயரத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு பொங்கலுக்கு இடைப்பட்ட நேரத்தையும் குறித்தது. பகல் ஏற ஏற இடைவெளி குறுகியது. அறிக்கையின் மையம் அதுவே ஆயிற்று. ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்த தண்ணீர்ப் புட்டிகளில், பொங்கலின்போது பிடித்தவற்றின் அடியில் மட்டும் சாம்பல் நிற வண்டல் விரல் தடிமனுக்குப் படிந்திருந்த படத்தை அனுப்பியிருந்தாள். அங்கே மாலை ஐந்து மணிக்குப் பொங்கல் உச்சம் என்றால் நமக்கு இரவு எட்டரை; அப்பா பட்டறை அடைத்து வரும் நேரம். "ஆல்ப்ஸ்லயும் ஷட்டர் தூக்குற வேலைதானா" என்று அவர் கேட்டது, அந்த அறிக்கைக்கு வந்த முதல் விமர்சனம்.

குறிப்பேட்டுத் தகராறு

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. மதிப்பீட்டில் களக்குறிப்பேட்டுக்குத் தனி மதிப்பெண். மழைக்குத் தாங்கும் தாள், பென்சில், அழிப்பான் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். இவள் முதல் இரண்டு நாள் துண்டுத்தாளில் கிறுக்கி, இரவு உட்கார்ந்து அழகான கையெழுத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, குறிப்பேட்டில் ஏற்றினாள். பார்வையிட்ட ஆசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இது நன்றாக இருக்கிறது, ஆற்றங்கரையில் எழுதியது எங்கே என்று கேட்டார். துண்டுத்தாள்களில் பாதி குப்பைக்குப் போயிருந்தது.

நாம் இங்கே வளர்க்கும் பழக்கம் அது. ரெக்கார்டு நோட்டு என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். படத்துக்கு ஒரு மதிப்பெண், தலைப்புக்கு அடிக்கோடு, ஆசிரியர் கையெழுத்து, கடைசியில் லேமினேட் அட்டை. களத்தில் நடந்தது அதில் இருக்காது, நடந்திருக்க வேண்டியது இருக்கும். ஈரம் பட்டுச் சுருங்கிய, அடித்துத் திருத்திய, "இந்த எண் சந்தேகம், கை நடுங்கியது" என்று ஓரத்தில் எழுதிய பக்கத்துக்கே அங்கே மதிப்பு. பின்னால் ஓர் எண் ஒத்துப்போகாதபோது, எங்கே பிசகியது என்று அந்தப் பக்கத்தில்தான் தேட முடியும். பொங்கல் வந்த நேரங்களை அவள் மூன்றாம் நாளிலிருந்து நேரடியாக எழுதியதால்தான் இடைவெளிக் கணக்கு சாத்தியமானது. முதல் இரண்டு நாள் தரவை அறிக்கையில் சேர்க்க முடியவில்லை.

கூடப் படித்த பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு இது பழக்கம். இங்கிலாந்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான ஏ-லெவல் புவியியலிலேயே குறைந்தது 4 நாள் களப்பணி கட்டாயம். அதோடு தானே கேள்வி அமைத்துச் செய்யும் ஆய்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். ஆசிரியரோடு எண்ணைப் பற்றி வாதாடுவதும் அவர்களுக்குச் சகஜம். இவள் ஒரு கருத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன் இரண்டு முறை "சாரி" சொல்கிறாள் என்று தோழி கிண்டல் செய்திருக்கிறாள்.

நம் பயிற்சியின் பலமும் அங்கேதான் தெரிந்தது. மின்சாரம் போய் மடிக்கணினி அணைந்த ஒரு மாலையில், வரைபடத்தாளில் கையாலேயே நீர்வரத்துக் கோட்டை வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பு கண்டாள். சமஉயரக் கோட்டிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டைப் பென்சிலில் இறக்கினாள். திசைக்கோணம் அளக்கும் பிரிஸ்மாட்டிக் காம்பஸை எடுத்ததும் மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம். பழைய பாடத்திட்டம் என்று நாம் குறைசொல்லும் செய்முறை வகுப்புகள் கொடுத்த கை அது.

கணக்கு

இனி பணம். விசா, பூட்ஸ், மழைச்சட்டை, காப்பீடு எல்லாம் சேர்ந்து அவள் பகுதிநேர வேலையில் சேர்த்ததைக் கரைத்தன. பூட்ஸை இரண்டாம் கைக் கடையில் வாங்கியது புத்திசாலித்தனம். மழைச்சட்டையையும் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இரவலாகக் கேட்டிருக்கலாம், தெரியவில்லை. அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் மதிப்பெண்ணை வைத்துக் கல்விக்கடனைக் கட்ட முடியாது. படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் இரண்டாண்டு விசாவில் அங்கேயே இருந்து, வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கும் நிறுவனங்களில் வேலை தேடுகிறாள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த விசாவே 18 மாதமாகக் குறைகிறது. அடுத்து போகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அவள் கற்றதற்காக மட்டும் என்றால் இத்தனை கடன் தேவையா என்று என்னிடம் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பனியாற்றை இங்கே காட்ட முடியாது. சுவிஸ் பனியாறுகள் 2022-இல் மட்டும் 6 சதவீதமும் 2023-இல் 4 சதவீதமும் கன அளவில் கரைந்தன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதும், பின்வாங்கிய முனைக்கு முன் நிர்வாணமாகக் கிடக்கும் சரளையில் நிற்பதும் ஒன்றல்ல. ஆனால் தரப்படுத்துவது, நேரம் குறிப்பது, எண்ணைச் சந்தேகிப்பது ஆகியவற்றுக்கு ஆரோலா வேண்டாம். சேர்வராயனில் பிறந்து சேலம் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு போதும். மேலே தெளிவாக இறங்கி ஊருக்குள் சாக்கடையாக மாறும் அந்த ஆற்றில், டிடிஎஸ் மீட்டரைப் பாலத்துக்குப் பாலம் முக்கினாலே ஒரு பருவத்துக்கான கேள்வி கிடைக்கும்.

அதைத்தான் இப்போது செய்துபார்க்கிறோம். மழைக்குப் பிறகு ஏற்காட்டு ஓடையிலும், ஊருக்குள் சில பாலங்களிலும் மாணவர்கள் அளக்கிறார்கள். களத்தில் எழுதிய பென்சில் நோட்டையும் ரெக்கார்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் அதைக் கையிலெடுத்து, "இதென்னங்க சார் இவ்வளவு கிறுக்கலா?" என்றார். விளக்கினோம். ஒப்புக்கொண்டு அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினார். மீதி அத்தனையும் இன்னும் ரெக்கார்டுக்குத்தான்.